பல் விழுகிற கனவு வந்தால் அம்மாவுக்கு ஆபத்தா?

கேள்வி: எனக்கு வயது 41. குடியாத்தத்தில் இருக்கிறேன். பேரணாம்பட்டில் ஷூ கம்பெனியில் தையல் வேலை. விடிய ஐந்து மணிக்கு அலாரம் வைத்து எழுந்து, சமைத்து வைத்துவிட்டுக் கம்பெனி பஸ் பிடிக்க வேண்டும். நாலு மாதமாக ஒரே கனவு திரும்பத் திரும்ப வருகிறது. பாலாற்றில் செம்மண் நிறத்தில் வெள்ளம் போகிறது. அக்கரையில் என் அம்மா நின்று ஏதோ கேட்கிறார். பதில் சொல்ல வாயைத் திறந்தால் பற்கள் ஒவ்வொன்றாக உள்ளங்கையில் விழுகின்றன. மீதியும் கொட்டிவிடுமோ என்று வாயை மூடிக்கொள்கிறேன், விழிப்பு வந்துவிடுகிறது. பல் விழுந்தால் ரத்த சொந்தத்தில் சாவு என்று மாமியார் பஞ்சாங்கத்தைக் காட்டுகிறார். போனில் உள்ள கனவுப் பலன் ஆப், பல் விழுந்தால் பண நஷ்டம், வெள்ளம் வந்தால் பண வரவு என்கிறது. தெரிந்த ஒருவர் பரிகாரத்துக்கு ஐயாயிரம் கேட்கிறார். கனவு வந்த அன்றெல்லாம் பதறிப்போய் ஐந்து மணிக்கே அம்மாவுக்குப் போன் செய்கிறேன். அவர் பள்ளிகொண்டாவில் தனியாக இருக்கிறார். இங்கே கூட்டி வந்துவிடலாமா என்று வீட்டில் கேட்க நினைத்து, தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறேன். இந்தக் கனவுக்கு என்னதான் அர்த்தம்?
பெயர் வெளியிட விரும்பாத வாசகி, குடியாத்தம்

பதில்: சகோதரி, முதலில் உங்கள் பயத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். இந்தக் கனவு உங்கள் அம்மாவின் ஆயுளைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. பல் உதிர்வது உலகம் முழுக்கப் பரவலாக வரும் கனவு. அது வந்தும் வீட்டில் ஒன்றுமே நடக்காதவர்கள்தான் மிக அதிகம். ஒன்றும் நடக்காததை யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. பங்காளி, மாமன், மச்சான் என்று சொந்தத்தை விரித்துக்கொண்டே போனால் ஒரு வருடத்துக்குள் ஏதாவது ஒரு துக்கச் செய்தி வரத்தான் செய்யும். வந்ததும், "அன்றைக்கே கனவு கண்டேனே" என்று மனம் இரண்டையும் முடிச்சுப் போட்டுவிடும்.

விடியற்காலைக் கனவு பலிக்கும் என்ற நம்பிக்கையும் உங்கள் பதற்றத்துக்குப் பின்னால் இருக்கிறது. கனவுப் பலன் சொல்லும் பழைய கனா நூல், இரவை நான்கு யாமமாகப் பிரித்து இதற்குக் கணக்கே வைத்திருக்கிறது. முதல் யாமத்துக் கனவு ஓராண்டில் பலிக்கும், இரண்டாம் யாமம் எட்டு மாதம், மூன்றாம் யாமம் மூன்று மாதம், கடை யாமம் பத்தே நாள். பலிக்கும் என்பதை விட்டுவிடுங்கள், அதற்கு அடியில் இருக்கும் கவனிப்பு சரியானது. விடியலில் வரும் கனவுதான் அழுத்தமானது. காரணம் 1953-இல் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டறிந்த, மூடிய இமைக்குள் விழி வேகமாக அசையும் உறக்கம். நம் தூக்கம் ஏறத்தாழ 90 நிமிடச் சுற்றுகளாகப் போகிறது. ஒவ்வொரு சுற்றின் கடைசியிலும் இந்த விழியசைவு உறக்கம் வரும். முதல் சுற்றில் சில நிமிடங்களே இருக்கும். விடியும் நேரத்தில் அரை மணிக்கும் மேல் நீளும். நீண்ட, தெளிவான கனவுகள் பெரும்பாலும் அதில்தான் வருகின்றன. பத்து மணிக்குப் படுக்கும் ஒருவரை ஐந்து மணி அலாரம் அதன் நடுவில் எழுப்பிவிடலாம். அப்படி எழுந்தால் கனவு கையோடு வரும். அந்த நேரத்தில் மூளை உடலின் தசைகளைக் கட்டிப்போட்டு வைத்திருக்கும். ஓட முடியாமல், கத்த முடியாமல் தவிக்கும் கனவுகளில் இதற்கும் பங்கு இருக்கலாம்.

இனி அந்தப் பலன் பட்டியல்கள். மாமியார் காட்டும் பஞ்சாங்கமும் உங்கள் போனும் ஒன்றுக்கொன்று முரண்படுவதை நீங்களே கவனித்துவிட்டீர்கள். இரண்டும் செய்வது ஒரே தவறுதான். கனவு கண்டவர் யார், எந்த ஊர், இப்போது அவருக்கு என்ன கவலை என்று கேட்காமலேயே பலன் சொல்கின்றன. நம் விரிஞ்சிபுரத்தைப் பாருங்கள். கார்த்திகைக் கடைஞாயிற்றன்று பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் குளத்தில் மூழ்கி, ஈர உடையோடு மார்க்கபந்தீஸ்வரர் கோயிலில் படுக்கிறார்கள். கனவில் பூவோ பழமோ கிடைத்தால் பிள்ளை உண்டு என்பது நம்பிக்கை. அங்கே பழத்துக்கு அந்த அர்த்தம் எங்கிருந்து வந்தது? அந்தப் பெண் சுமந்து வந்த வேண்டுதலிலிருந்து. அதே பழம் குடியாத்தத்தில் மாங்காய் மண்டி வைத்திருப்பவர் கனவில் வந்தால், அவருக்கு முந்தின நாள் வராத லோடுதான் ஞாபகத்துக்கு வரும்.

உளப்பகுப்பாய்வை உருவாக்கிய சிக்மண்ட் ஃப்ராய்ட் 1900-இலேயே இதற்கு வழி காட்டினார். கனவை முழுதாகப் பார்க்காமல் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் மனதில் முதலில் என்ன தோன்றுகிறது என்று கனவு கண்டவரையே சொல்லவைப்பது. பிற்பாடு அவரும் "இதற்கு இதுதான் பொருள்" என்ற நிலையான குறியீடுகளுக்கு நிறைய இடம் கொடுத்தார். அந்தப் பகுதி காலத்தில் நிற்கவில்லை. முதலில் சொன்ன வழிதான் இன்றும் நிலைத்திருக்கிறது.

நீங்கள் செய்ய வேண்டியது இது. தலைமாட்டில் ஒரு 80 பக்க நோட்டும் பேனாவும் இருக்கட்டும். விழிப்பு வந்ததும் புரளாதீர்கள், போனை எடுக்காதீர்கள். அலாரத்தை நிறுத்திய கையோடு வாட்ஸ்அப்பைத் திறந்தால் கனவு ஒரு நிமிடத்தில் போய்விடும். விழித்தபோது படுத்திருந்த நிலையிலேயே கண்ணை மூடி, கடைசிக் காட்சியிலிருந்து பின்னோக்கிப் போங்கள். உங்களுக்குக் காலையில் உட்கார்ந்து எழுத நேரமில்லை, தெரியும். 'வெள்ளம், அக்கரை, உள்ளங்கை' என்று நாலைந்து சொற்களை மட்டும் கிறுக்கி வைத்துவிட்டு, மீதியைக் கம்பெனி பஸ்ஸில் எழுதுங்கள். எழுதும்போது "போகிறது, நிற்கிறார், விழுகிறது" என்று இப்போது நடப்பதுபோல் எழுதினால் விவரம் கூடுதலாக வரும். ஞாபகம் இல்லாத இடத்தில் கோடு போட்டு விடுங்கள், கதை கட்டி நிரப்பாதீர்கள். பெரும்பாலானோர் தவறுவது இங்கேதான். யாரிடமாவது வாயால் சொல்லிவிட்டு அப்புறம் எழுதினால், கேட்டவர் சொன்ன பலனும் கனவுக்குள் புகுந்து, கனவின் பகுதிபோலவே ஆகிவிடும்.

வலப்பக்கம் கனவு. இடப்பக்கம் முந்தின நாள் நடந்ததும், அதற்கு ஐந்தாறு நாள் முன்பு மனதைத் தொட்டதும். ஒரு வாரத்துக்கு முந்தைய சங்கதிகூடக் கனவில் தலைகாட்டும் என்பதால் இரண்டையும் எழுத வேண்டும். ஒவ்வொரு காட்சிக்கும் பக்கத்தில் அப்போது இருந்த உணர்ச்சியை எழுதி, பத்துக்கு எத்தனை என்று மதிப்பெண் போடுங்கள். நான் உங்களிடம் முதலில் கேட்கும் கேள்வியே இதுதான். வெள்ளத்தைப் பார்க்கும்போது பயம் அதிகமா, பல் விழும்போது அதிகமா, வாயை மூடிக்கொள்ளும்போது அதிகமா? கனவின் கனம் எங்கே இருக்கிறது என்பதை அந்த எண் காட்டும். காட்சி எவ்வளவு பெரியது என்பது அதைக் காட்டாது.

பிறகு ஒவ்வொரு பொருளையும் அதைப் பார்த்தே இராத ஒரு குழந்தைக்குச் சொல்வதுபோல் எழுதுங்கள். பாலாறு என்றால் என்ன? வேறு ஊர்க்காரருக்கு ஆறு என்றால் தண்ணீர். நமக்கு அது மணல். வருடத்தில் பெரும்பகுதி நடந்தே கடக்கலாம். ஆனால் 2021 நவம்பரில் கரைபுரண்டு ஓடியதையும் நாம் பார்த்தோம், உங்கள் ஊர் கௌண்டன்யா ஆற்றிலும் வெள்ளம் வந்தது. அன்றைக்கு நீங்கள் எங்கே இருந்தீர்கள்? அம்மா எங்கே இருந்தார்? போக முடியாமல் ஒரு நாளாவது தவித்தீர்களா? ஆண்டு முழுக்கக் காய்ந்து கிடந்துவிட்டு ஒரே ராத்திரியில் பெருகி வருகிற ஒன்று, ஆப்பில் "வெள்ளம் என்றால் பண வரவு" என்று எழுதியவருக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். பல்லுக்கும் இப்படியே. அம்மாவுக்குப் பல் போய்விட்டதா, அவர் சாப்பாட்டுக்குக் கஷ்டப்படுகிறாரா, பிள்ளைக்குப் பல் கட்ட பணம் புரட்டினீர்களா? முதலில் தோன்றுவதை எழுதுங்கள், அழகானதைத் தேடாதீர்கள்.

கிடைத்த அர்த்தம் சரியா என்று பார்க்கச் சில சோதனைகள் உண்டு. அதிக மதிப்பெண் வாங்கிய உணர்ச்சியை அது விளக்க வேண்டும். கனவின் விசித்திரமான சிறு விவரத்தையும் விளக்க வேண்டும். உங்களுக்கு அது பற்கள் தரையில் விழாமல் உள்ளங்கையில் சேர்வது. நாளை நடக்கப் போவதைச் சொல்லாமல், இன்றைய வாழ்க்கையைப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டும். அடுத்தடுத்த கனவுகளோடும் பொருந்த வேண்டும். ஒற்றைக் கனவைவிட வரிசையாக வரும் கனவுகளே நம்பகமானவை என்று உளவியலாளர் கார்ல் யுங் வற்புறுத்தியது இதனால்தான். பத்துப் பதினைந்து கனவு சேரும் வரை முடிவு கட்டாதீர்கள்.

என் ஊகத்தைச் சொல்கிறேன், உங்களுக்குப் பொருந்தாவிட்டால் தள்ளிவிடுங்கள். உங்கள் கனவில் அம்மா சாகவில்லை. அவர் நின்று ஏதோ கேட்கிறார். நீங்கள்தான் பதில் சொல்ல முடியாமல் வாயை மூடிக்கொள்கிறீர்கள், சொன்னால் மீதி இருப்பதும் உதிர்ந்துவிடும் என்ற பயத்தில். கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அம்மாவை அழைத்து வரலாமா என்று வீட்டில் கேட்காமல் தள்ளிப்போடுவதாக. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இது எனக்குத் தோன்றுவது. உறுதி செய்ய வேண்டியவர் நீங்கள்தான்.

ஆனால் பல்லை வெறும் குறியீடாக மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். 2018-இல் இஸ்ரேலிய ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வில், பல் உதிரும் கனவு மன உளைச்சலோடு அல்லாமல், எழும்போது பல்லிலும் ஈறிலும் தாடையிலும் இருக்கும் இறுக்கத்தோடுதான் சேர்ந்து காணப்பட்டது. ஒரு வாரம் காலையில் எழுந்ததும் கவனியுங்கள். காதுக்கு முன்னால் தாடை மூட்டை விரலால் அழுத்தினால் வலிக்கிறதா, பொட்டில் மந்தமான தலைவலி இருக்கிறதா, கன்னத்தின் உட்புறம் கடிபட்ட கோடு தெரிகிறதா? இருந்தால் தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறீர்கள் என்று சந்தேகிக்கலாம். பல் மருத்துவர் இரவில் போட்டுக்கொள்ளும் உறை செய்து தருவார். அர்த்தம் ஒரு பக்கம், தாடை ஒரு பக்கம், இரண்டும் சேர்ந்தே இருக்கலாம்.

மாமியாரோடு சண்டை வேண்டாம். அவரும் உங்களைப் பற்றிய பயத்தில்தான் சொல்கிறார். ஒரு சிறு மாற்றம் கேட்டுப் பாருங்கள். "அத்தை, இந்தக் கனவு உங்களுக்கு வந்திருந்தால் யாரை நினைச்சிருப்பீங்க?" அப்போது அவர் தன் அம்மாவைப் பற்றி, தன் பயத்தைப் பற்றிப் பேசுவார். கனவைக் கூடி உட்கார்ந்து பேசும் குழுக்களிலும் "இது என் கனவாக இருந்தால்" என்று தொடங்குவதுதான் விதி. அடுத்தவர் கனவுக்குத் தீர்ப்புச் சொல்லாமல் இருக்க அது உதவுகிறது.

கனவு நிற்க ஒரு பயிற்சி இருக்கிறது, கெட்ட கனவுகளுக்கு மருத்துவர்களே கற்றுக்கொடுப்பது. பகலில் கனவை எழுதி, உங்களுக்குப் பிடித்த இடத்தில் மாற்றுங்கள். வெள்ளம் கணுக்கால் அளவுக்கு வடியலாம், பல் விழாமல் நீங்கள் பதில் சொல்லலாம், அம்மா நடந்து இக்கரைக்கு வரலாம். எதை மாற்றுவது என்பது உங்கள் இஷ்டம். மாற்றிய கனவை மட்டும் தினமும் பத்து முதல் இருபது நிமிடம் கண்ணை மூடி மனதில் ஓட்டுங்கள். இரண்டு மூன்று வாரம் விடாமல் செய்ய வேண்டும். படுக்கப் போகும் முன் பழைய கனவை எடுத்துப் படிப்பவர்களுக்கு இது பலிக்காது. நாலு நாளில் விட்டுவிடுபவர்களுக்கும் அப்படித்தான். விபத்து, அடி உதை, பாலியல் கொடுமை போல உண்மையில் நடந்தது கனவாகத் திரும்பி வந்தால் தனியாக இதைச் செய்யக் கூடாது, மனநல மருத்துவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

நாலு மாதத்துக்கு முன் புதிதாக ஏதாவது மாத்திரை ஆரம்பித்தீர்களா என்றும் யோசியுங்கள். ரத்த அழுத்தத்துக்குத் தரும் ப்ரோப்ரனலால் போன்றவையும், மனச்சோர்வு மாத்திரைகள் சிலவும் கனவைக் கடுமையாக்கும். நீங்களாக நிறுத்தாமல் எழுதிக் கொடுத்தவரிடம் சொல்லுங்கள். சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்களுக்கு ராத்திரியில் சர்க்கரை இறங்கினாலும் கெட்ட கனவும் வியர்வையும் வரும். கனவு வாரம் இரண்டு மூன்று முறை வந்து தூக்கமும் வேலையும் கெட்டால் வேலூர் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ, பாகாயத்தில் உள்ள சி.எம்.சி. மனநல மையத்திலோ காட்டலாம். அவ்வளவு தூரம் போகும் முன் 14416 என்ற இலவச டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். வீட்டில் ஐம்பதைத் தாண்டிய ஆண் யாராவது கனவில் வருவதையெல்லாம் நிஜமாகவே செய்து, கையை வீசி, கட்டிலிலிருந்து விழுந்தால், அது வேறு விஷயம். நரம்பியல் மருத்துவரிடம் தாமதிக்காமல் போக வேண்டும்.

பரிகாரத்துக்கு ஐயாயிரம் கொடுக்காதீர்கள். மனசுக்கு ஆறுதல் வேண்டுமென்றால் வீட்டில் ஒரு விளக்கேற்றுங்கள், அதற்குக் காசு யாரும் கேட்கப் போவதில்லை. ஐந்து மணிப் போன் அழைப்பையும் நிறுத்துங்கள். அந்த நேரத்தில் மணி அடித்தால் வயதானவருக்கு நெஞ்சு படபடக்கும். உங்களுக்கும் பதறினால் போன், போன் செய்தால் நிம்மதி என்று பழகிவிடும். அந்தப் பழக்கமே அடுத்த பதற்றத்துக்கு வழி விடும். வேலை முடிந்து சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது பேசுங்கள். அம்மாவை அழைத்து வரும் விஷயத்தை ஞாயிற்றுக்கிழமை மதியம், எல்லோரும் வீட்டில் இருக்கும்போது, மாமியாரிடமும் கணவரிடமும் கேட்டுவிடுங்கள்.