இருபத்து மூன்று பாடமும் இரண்டு ஆசிரியரும்

அன்புள்ள ஐயா,

சங்கரன்கோவில் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். பத்தாவது வரை படித்தேன். கல்யாணத்துக்கு முன்பு தீப்பெட்டி ஆபீஸுக்குப் போனேன், இப்போது வீட்டிலேயே தையல். மகன் எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் 4ஆம் வகுப்பு. இந்த முறை பள்ளி மேலாண்மைக் குழுவில் என் பெயரையும் சேர்த்திருக்கிறார்கள்.

பள்ளியில் 47 பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள். வருஷா வருஷம் பிள்ளைகள் குறைகிறார்கள். வேன் ஏறி டவுனுக்குப் போகிற பிள்ளைகளுக்கு ஒன்றாம் வகுப்பிலேயே கம்ப்யூட்டர், பொது அறிவு, ஹிந்தி, அபாகஸ் என்று ஒன்பது பாடம். நாமும் ஏதாவது சேர்த்தால்தான் பிள்ளைகள் நிற்கும் என்று கூட்டத்தில் பேசினோம். இன்னொருவர், பின்லாந்தில் பாடங்களையே எடுத்துவிட்டார்கள், எல்லாவற்றையும் கலந்துதான் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று வாட்ஸப்பில் வந்ததைக் காட்டினார். சேர்ப்பதா, கலப்பதா? எங்களுக்குப் புரியவில்லை.

என் மகன் அறிவியல் பாடத்தைக் கடகடவென்று ஒப்பிக்கிறான். ஒரு லிட்டர் என்றால் எவ்வளவுடா என்று கேட்டால் விழிக்கிறான். இதைத்தான் முதலில் கேட்க நினைத்தேன்.

செ.

அன்புள்ள செ. அவர்களுக்கு,

நீங்கள் கடைசியில் எழுதியதிலிருந்தே தொடங்குகிறேன். லிட்டர் கணக்கில் வருகிறது, அறிவியலிலும் வருகிறது. உங்கள் மகன் இரண்டு இடத்திலும் அதைப் படித்திருப்பான். ரேஷன் கடையில் வாங்குகிற பாமாயில் பாக்கெட்டும் ஒரு லிட்டர்தான், அதை அவனே சுமந்து வந்திருப்பான். மூன்றும் ஒன்றுதான் என்று அவனுக்கு யாரும் காட்டவில்லை. காட்டுவது யார் வேலை என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. கணக்குப் புத்தகம் எழுதுகிறவர்கள் ஒரு குழு, அறிவியலுக்கு இன்னொரு குழு. அவரவர் பாடத்தை ஒன்றிலிருந்து ஐந்து வரை ஒழுங்காக அடுக்கித் தருவார்கள். 4ஆம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைதான் குறுக்காக எல்லாவற்றையும் வாங்கிக்கொள்கிறது. அந்தக் குறுக்குவாட்டைப் பார்க்க ஆள் இல்லை.

பின்லாந்து விஷயத்தை முடித்துவிடுகிறேன். அங்கே பாடங்களை யாரும் எடுத்துவிடவில்லை. 2014இல் வகுத்த கலைத்திட்டம் (எதை, எப்படிக் கற்பிப்பது என்ற திட்டம்) 2016 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. ஆண்டுக்கு ஒரு முறையாவது பல பாடங்களைச் சேர்த்து ஒரு பொருளைப் படிக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. கணக்கு கணக்காகவும் தாய்மொழி தாய்மொழியாகவும் அங்கே இன்றும் நடக்கின்றன. வாட்ஸப்பில் வந்தது பாதி உண்மை.

சரி, நம் ஊர்க் கணக்குக்கு வருவோம். தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் 1, 2 வகுப்புகளுக்குத் தமிழ், ஆங்கிலம், கணக்கு, சூழ்நிலையியல் என்று நான்கு பாடம். 3, 4, 5 வகுப்புகளில் சூழ்நிலையியல் அறிவியல், சமூக அறிவியல் என்று இரண்டாகப் பிரிந்து ஐந்தாகிறது. கூட்டினால் 23. பல பாடங்களை ஒரே அட்டைக்குள் தைத்துக் கொடுத்தாலும் 23 தான். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர். அதே சட்டம் தொடக்க வகுப்புகளுக்கு ஆண்டுக்குக் குறைந்தது 200 நாள், 800 மணி நேரம் என்கிறது. நாளுக்கு நான்கு மணி நேரம்.

உங்கள் பள்ளியில் ஒரு ஆசிரியர் மூன்று வகுப்புகளையும் மற்றவர் இரண்டு வகுப்புகளையும் வைத்திருப்பார். மூன்று வகுப்புக்காரர் நேரத்தைச் சரிசமமாகப் பிரித்தால் ஒரு வகுப்புக்கு 80 நிமிடம். நான்கே பாடம் என்று வைத்துப் பங்குபோட்டாலும் பாடத்துக்கு 20 நிமிடம். அதற்குள் வருகைப் பதிவு, நோட்டுத் திருத்துவது, எமிஸ் என்ற அரசு இணையதளத்தில் செல்போன் வழியாக ஏற்றவேண்டிய விவரங்கள் எல்லாம். இந்த நிலையில் அபாகஸ் சேர்க்கப்போகிறீர்களா?

உங்கள் கேள்வியில் 'சேர்ப்பதா' என்ற பாதிக்கு இதுதான் பதில். வேன் பள்ளியின் ஒன்பது பாடம் பெற்றோருக்குக் காட்டுவதற்கான பட்டியல். பொது அறிவு என்று தனியாக ஒரு புத்தகம் இருக்கிறதென்றால், மற்ற புத்தகங்களில் அறிவு இல்லை என்றுதானே அர்த்தம்? (கோபப்பட வேண்டாம், எங்கள் வீட்டுப் பிள்ளைகளும் அந்தப் புத்தகத்தை வாங்கியிருக்கிறார்கள்.)

கலப்பதைப் பற்றிச் சொல்ல நான் பார்த்த ஒரு வகுப்பைச் சொல்கிறேன். அதுவும் ஈராசிரியர் பள்ளிதான். ஊர் பெயர் வேண்டாம், ஏன் என்று பிறகு புரியும். அந்த ஆசிரியர் 3, 4, 5 வகுப்புகளை ஒன்றாக வெளியே வேப்பமரத்தடிக்குக் கூட்டி வந்தார். ஒரு பிளாஸ்டிக் குடம், ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒன்று. குடத்தில் எத்தனை பாட்டில் பிடிக்கும் என்று முதலில் எல்லோரும் தரையில் எழுத வேண்டும். ஐந்து என்று எழுதியவனும் உண்டு, ஐம்பது என்று எழுதியவளும் உண்டு. அப்புறம் 3ஆம் வகுப்புப் பிள்ளைகள் ஊற்ற ஆரம்பித்தார்கள். பதினான்கு போய், பதினைந்தாவது பாட்டிலில் கழுத்து வழிந்தது. 15 என்று வைத்துக்கொண்டார்கள். சிந்தியது கணக்கில் வருமா என்று ஒரு பையன் கேட்டான். நல்ல கேள்வி.

அங்கிருந்து பார்த்தால் ஊர் மேல்நிலைத் தொட்டி தெரியும். கொள்ளளவு 30,000 லிட்டர் என்று பெயின்டில் எழுதியிருக்கிறது. தினமும் அந்த எண்ணின் கீழேதான் பிள்ளைகள் நடந்து வருகிறார்கள். 5ஆம் வகுப்பு அதை 15ஆல் வகுத்தது, 2,000 குடம். ஊரில் வீடு எத்தனை என்று தெரியவில்லை. தொட்டி ஆபரேட்டரை அழைத்து வந்தார்கள், 180 என்றார். ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் தொட்டி நிரப்புகிறாராம். மறுபடி வகுத்தார்கள். வீட்டுக்கு 11 குடம், மிச்சம் 20.

அப்போது ஒரு பெண் எழுந்து, "எங்க வீட்ல பதினெட்டு கொடம் பிடிப்போமே சார்" என்றாள். கணக்கு உதைக்கிறது என்று எல்லோரும் மறுபடி வகுத்துப் பார்த்தார்கள். விடை மாறவில்லை. "எப்படிம்மா?" என்றார் ஆசிரியர். அவள் சாதாரணமாகச் சொன்னாள், "நாங்க மோட்டார் வச்சு உறிஞ்சுறோம் சார்."

ஆபரேட்டர் வானத்தைப் பார்த்தார். ஆசிரியருக்கு இரண்டு நிமிடம் பேச்சு வரவில்லை. ஊர்ப்பெயர் வேண்டாம் என்றது இதற்குத்தான். ஆனால் ஊராட்சி என்றால் என்ன, பொதுச்சொத்து என்றால் என்ன என்று சமூக அறிவியலில் அச்சடித்திருக்கிற பாடம் அத்தனையும் அந்த இரண்டு நிமிடத்தில் பிள்ளைகள் முகத்தில் ஓடியது. மறுநாள் 4ஆம் வகுப்பு ஊராட்சித் தலைவருக்குக் கடிதம் எழுதியது. தமிழ் விண்ணப்பம் எழுதும் பயிற்சி அது. யார் வீட்டு மோட்டாரையும் குறிப்பிடாமல் எழுதுவது எப்படி என்றும் சேர்த்தே கற்றுக்கொண்டார்கள்.

இதை நான் பெரிய கண்டுபிடிப்பாகச் சொல்லவில்லை. 2005ஆம் ஆண்டு தேசியக் கலைத்திட்டத்தை ஒட்டி, மத்திய அரசின் பாடநூல் அமைப்பான என்சிஇஆர்டி தொடக்க வகுப்புச் சூழலியலை ஆறு தலைப்புகளில் அமைத்தது: குடும்பமும் நண்பர்களும், உணவு, உறைவிடம், தண்ணீர், பயணம், நாம் செய்யும் பொருட்கள். 3 முதல் 5 வரை அறிவியலையும் சமூக அறிவியலையும் அவர்கள் பிரிக்கவில்லை. தண்ணீர் என்ற தலைப்பில் ஆவியாதலும் வரும், யார் எந்தக் குழாயில் தண்ணீர் பிடிக்கலாம் என்ற சண்டையும் வரும். நாம் 3ஆம் வகுப்பிலேயே பிரித்துவிட்டோம். எட்டு வயதுப் பிள்ளைக்குத் தொட்டியின் அடிப்பக்கம் அறிவியல், மேல்பக்கம் சமூக அறிவியல் என்று ஏன் பிரித்துக்கொடுக்க வேண்டும் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. உங்கள் ஆசிரியர்கள் அந்த இரண்டு பாடவேளைகளையும் சேர்த்து நடத்தினால் தயவுசெய்து குறை சொல்லாதீர்கள்.

ஆனால் எல்லாவற்றையும் கலக்க முடியாது. வேப்பமரத்தடியில் அன்று எனக்கு உறுத்திய விஷயம் ஒன்று உண்டு. 5ஆம் வகுப்பில் ஒன்பது பேர். 30,000ஐ 15ஆல் வகுத்தவர்கள் மூன்று பேர்தான். மற்ற ஆறு பேரும் அவர்கள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து எழுதினார்கள். அதில் இரண்டு பேருக்குத் தொட்டியில் எழுதியிருந்த 'கொள்ளளவு' என்ற சொல்லை எழுத்துக்கூட்டி வாசிக்க முடியவில்லை. குடம், தொட்டி, ஆபரேட்டர் என்று எத்தனை வேடிக்கை காட்டினாலும் இடமதிப்பு தானாக வராது, ளகரமும் வராது. அவற்றைத் தனியாக உட்கார்ந்து, தினமும், அலுக்க அலுக்கச் செய்யத்தான் வேண்டும்.

காந்தியின் ஆதாரக் கல்வி சறுக்கிய இடங்களில் இதுவும் ஒன்று என்று நினைக்கிறேன். 1937இல் வார்தாவில் பேசி வகுத்த திட்டம் அது. கைத்தொழிலை நடுவில் வைத்து எல்லாப் பாடத்தையும் அதனோடு இணைப்பது. யோசனை நல்லது. ஆனால் நூல் நூற்கிற தக்ளியிலிருந்து பின்னத்தையும் எடுக்க வேண்டும், புவியியலையும் எடுக்க வேண்டும் என்று ஆனபோது ஆசிரியர்கள் இணைப்புக்காக இணைப்பைத் தேடினார்கள். என் அப்பா அப்படிப்பட்ட ஒரு பள்ளியில் படித்தவர். பஞ்சைப் பார்த்தாலே கணக்கு வாத்தியார் ஞாபகம் வருகிறது என்பார். தவிர, ஊர்த்தொழிலைப் பாடமாக்குவோம் என்று யாராவது ஆரம்பித்தால் தமிழ்நாட்டில் காது உடனே கூர்மையாகும். 1953இல் ராஜாஜி பாதிநாள் பள்ளி, மீதிநாள் பெற்றோரின் தொழில் என்று கொண்டுவந்து, குலக்கல்வி என்று பெயர் வாங்கி, மறு ஆண்டு காமராஜர் வந்து அதைக் கைவிட்ட கதை இங்கே எல்லோருக்கும் தெரியும். அந்த எச்சரிக்கை நியாயமானது. உங்கள் ஊர்ப் பிள்ளைகள் தீப்பெட்டியை அடுக்கிப் பெருக்கல் படிக்கட்டும். அடைக்கக் கற்றுக்கொள்ள வேண்டாம்.

அதனால் என் யோசனை இதுதான். காலையில் முதல் ஒன்றரை மணி நேரம் வாசிப்பும் எண்ணும் மட்டும். வகுப்புவாரியாக வேண்டாம், பிள்ளை எங்கே நிற்கிறதோ அந்த நிலைவாரியாக. இது நம் பள்ளிகளுக்குப் புதிதில்லை. 2007-08இல் மாநிலம் முழுக்க வந்த செயல்வழிக் கற்றலில் பிள்ளைகள் பாட அட்டையை எடுத்துக்கொண்டு, கற்றல் படிகளைக் காட்டும் ஏணிப் படத்தில் அவரவர் படியில் நின்றார்கள். சுவரின் அடியில் பிள்ளைகள் உயரத்துக்கு அடித்த கரும்பலகையும் தலைக்கு மேல் கம்பிப் பந்தலும் பல பள்ளிகளில் இன்னும் இருக்கின்றன, பாருங்கள். அதில் எனக்கிருந்த குறை, பாடத்துக்கொரு ஏணி, ஏணிகள் ஒன்றையொன்று தொடாது. 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்திலும் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைகள் உண்டு. உங்கள் ஆசிரியர்களுக்கு இது கைவந்த வேலை. 4ஆம் வகுப்புப் பையனை அரும்பில் உட்கார வைத்தால் பெற்றோர் சண்டைக்கு வருவார்கள். அங்கேதான் குழு வேண்டும்.

மீதி நேரம் குடம், தொட்டி, சந்தை, பேருந்து, பாட்டி. பாட்டியைச் சும்மா சொல்லவில்லை. வரலாறு சொல்லித்தர ஒரு சணல் கயிறு போதும். ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர். உங்கள் மகன் ஒன்பது சென்டிமீட்டர், ஒரு விரல் நீளம் இருப்பான். பாட்டி அறுபத்தைந்து என்றால் முக்கால் மீட்டருக்குள். 1947 சற்றுத் தள்ளி. 1010இல் ராஜராஜன் தஞ்சைப் பெரிய கோயிலுக்குக் குடமுழுக்கு செய்ததைத் தொட வேண்டுமானால் கயிறு பத்து மீட்டருக்கு மேல் போகும், வகுப்பறையைத் தாண்டி வராந்தாவில் முடியும். கயிற்றின் நுனியைப் பிடித்துக்கொண்டு வெளியே போய் நின்ற பையன் அங்கிருந்து கத்துவான், "சார், இங்கயா சோழர்?" அதற்கு முன்பு 'ஆயிரம் ஆண்டுகள்' என்று பத்து தடவை இம்போசிஷன் எழுதியிருந்தாலும் அவனுக்கு அது வெறும் சொல்தான்.

பாடச் சுமையைப் பற்றி ஆராய மத்திய அரசு அமைத்த யஷ்பால் குழு 1993இல் சொன்னதும் ஏறக்குறைய இதையே. பையின் எடையைவிடப் புரியாமையின் எடைதான் அதிகம் என்றார்கள். முப்பது வருஷம் ஆகிவிட்டது. நாம் பையை மட்டும் தராசில் வைத்துக்கொண்டிருக்கிறோம்.

குழுவாக நீங்கள் என்ன செய்ய முடியும் என்று தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். பாடத்திட்டத்தை மாற்றும் அதிகாரம் உங்களுக்கு இல்லை. அது மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனத்தின் வேலை. பள்ளி வளர்ச்சித் திட்டம் போடுவது உங்கள் வேலை, சட்டமே சொல்கிறது. அதில் வர்ணம் அடிப்பது, காம்பவுண்டு சுவர் இவற்றோடு ஒரு வரி சேர்த்து எழுதுங்கள்: டிசம்பருக்குள் 3ஆம் வகுப்புக்கு மேல் வாசிக்கத் தெரியாத பிள்ளை ஒன்றுகூட இருக்கக் கூடாது. யார் யார் என்று ஆசிரியரிடம் கேளுங்கள். மிரட்டிக் கேட்கக் கூடாது, உட்கார்ந்து கேளுங்கள். அப்புறம், தொட்டி ஆபரேட்டர், தபால்காரர், சந்தையில் எடை போடுகிறவர், உங்களைப் போலத் தையல் தெரிந்தவர் என்று மாதம் ஒருவரைப் பள்ளிக்கு அழைத்து வாருங்கள். இஞ்ச் டேப்பை நீங்களே கொண்டுபோகலாம். சென்டிமீட்டர் ஒரு பக்கம், இஞ்ச் ஒரு பக்கம், இது என்ன என்று பிள்ளைகள் கேட்காமல் விடமாட்டார்கள். ஆசிரியரை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, தேர்தல், பேரிடர் தவிர வேறு வேலைக்கு இழுத்தால் அதைக் கேட்கிற உரிமையும் உங்களுக்கு உண்டு.

கம்ப்யூட்டர் 6ஆம் வகுப்பில் வரட்டும். ஹிந்தியும் அபாகஸும் வேண்டுமென்று யாராவது இன்னும் நின்றால் 20 நிமிடக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள்.

உங்கள் மகனுக்கு ஒரு வேலை. ஒரு லிட்டர் பாட்டிலால் உங்கள் வீட்டுக் குடத்தை அளக்கச் சொல்லுங்கள். பித்தளைக் குடம் இருந்தால் அதையும். இரண்டு எண்ணையும் அவன் கையெழுத்தில் எழுதி எனக்கு அனுப்புங்கள்.

அன்புடன்.