மொயின் மொயின் சாப்பிட்ட குழந்தைக்கு வாந்தி: எதற்குப் பயப்பட வேண்டும்?

கேள்வி: கணவர் வேலைக்காக லாகோஸில் இருக்கிறோம். பக்கத்து வீட்டு அம்மா மொயின் மொயின் (தட்டைப்பயறை அரைத்து ஆவியில் அவிக்கும் நைஜீரியப் பண்டம்) செய்யக் கற்றுக்கொடுத்தார். இரவு செய்து மீந்ததை, காலையில் சூடு பண்ணி நான்கு வயது மகனுக்குக் கொடுத்தேன். இரண்டு மணி நேரத்தில் மூன்று தடவை வாந்தி. "பயறில் மருந்து அடித்திருப்பார்கள்" என்று அந்த அம்மா இரண்டு கரண்டி பாமாயில் புகட்டினார். மதியத்துக்குள் விளையாடப் போய்விட்டான். இணையத்தில் தேடினால் பிளாஸ்டிக் பையில் அவித்தால் புற்றுநோய், பயறில் லெக்டின் நஞ்சு, ஜி6பிடி குறைபாட்டுக்கு (ரத்தச் சிவப்பணுக்கள் எளிதில் சிதையும் பிறவிக் குறைபாடு) ஆகாது என்றெல்லாம் வருகிறது. இதைச் செய்வதையே விட்டுவிடவா?
- வாசகி, லாகோஸ்

பதில்: விட வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், உங்கள் மகன் உடம்பில் பூச்சிமருந்து ஏறியதாகத் தெரியவில்லை. ஏறியிருந்தால் வெறும் வாந்தியோடு நின்றிருக்க வாய்ப்பு குறைவு.

ஆனால் அந்த அம்மா பயந்ததில் நியாயம் இருக்கிறது. தட்டைப்பயறில் வண்டு சீக்கிரம் விழும். அதைத் தடுக்க நைஜீரியச் சந்தைகளில் சிலர் டைக்குளோர்வாஸ் என்ற பூச்சிமருந்தை மூட்டையிலேயே தெளித்துவிடுகிறார்கள். அந்நாட்டுக் காய்ந்த பயறில் இதன் எச்சம் அளவுக்கு மேல் இருந்ததால்தான் ஐரோப்பிய ஒன்றியம் 2015-இல் இறக்குமதியை நிறுத்தியது. இந்தியாவில் இதே மருந்து 2020 இறுதியோடு தடை செய்யப்பட்டது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனையில் அவசரப் பிரிவில் வேலை பார்த்த எந்த டாக்டருக்கும் இந்த வகை விஷம் நன்றாகத் தெரியும்.

இதை நீங்கள் அடையாளம் தெரிந்துகொள்ள வேண்டும். வாந்தியோடு வாயில் எச்சில் நிற்காமல் வழியும். மூக்கும் கண்ணும் ஒழுகும், உடம்பு தெப்பமாக வியர்க்கும், குழந்தை தன்னையறியாமல் மலம், சிறுநீர் கழிக்கும். கெண்டைக்கால், கண்ணிமைத் தசைகள் துடிக்கும். இத்தனைக்கும் மேலாகக் கண்மணியைப் பாருங்கள். அறை வெளிச்சத்தைக் குறைத்தால் யாருக்கும் கண்மணி விரிய வேண்டும். மங்கலான அறையிலும் அது குண்டூசித் தலை அளவில் சுருங்கியே கிடந்து, எச்சிலும் வழிந்தால், ஒரு நிமிடம்கூட வீட்டில் இருக்காதீர்கள். கறுத்த கண்ணில் கண்மணி சரியாகத் தெரியாமல் போகலாம். எச்சிலும் வியர்வையும் மட்டும் இருந்தாலும் கிளம்புங்கள். சாப்பிட்ட சில நிமிடங்களில் தொடங்கலாம், சில மணி நேரமும் ஆகலாம். நுரையீரலில் நீர் கோத்து, மூச்சுத் தசைகள் சோர்ந்துபோவதால்தான் உயிர் போகிறது. மருத்துவமனையில் அட்ரோபின் என்ற முறிமருந்து ஊசியை நெஞ்சுச் சளி வற்றும் வரை திரும்பத் திரும்பப் போட்டால் பிழைக்க வழி உண்டு. குழந்தையை ஒருக்களித்துப் படுக்கவைத்துக் கொண்டுபோங்கள். மீந்த பயறையும் எடுத்துப் போங்கள்.

பாமாயில், பால், உப்புத்தண்ணீர், கரித்தூள் எதையும் புகட்டாதீர்கள். பாமாயில் விஷத்தை முறிக்கும் என்பது மேற்கு ஆப்பிரிக்காவில் வேரூன்றிப்போன நம்பிக்கை. அது எந்த விஷத்தையும் முறிக்காது. வாந்தி எடுத்துக்கொண்டிருக்கும் குழந்தைக்கு எண்ணெய் புகட்டினால் அது புரையேறி நுரையீரலுக்குள் போய் நிமோனியா வரலாம். பாசத்தோடு செய்கிற இந்தக் காரியம் எனக்குக் கோபத்தைத்தான் வரவழைக்கிறது. அதற்குச் செலவாகும் நேரம் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க வேண்டிய நேரம்.

அப்படியானால் வாந்தி ஏன் வந்தது? இரவு மீந்த மொயின் மொயினை எங்கே வைத்திருந்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. லாகோஸில் மின்சாரம் போவது புதிதில்லை. ஆவியில் வெந்த பண்டம் ராத்திரி முழுக்க வெளியில் கிடந்தால், வேகும்போது சாகாத கிருமி வித்துகள் முளைத்து நச்சை விடும். அது வந்த பிறகு காலையில் எவ்வளவு சூடாக்கினாலும் போகாது. சாப்பிட்ட ஒன்றிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி, அப்புறம் தானாகவே சரியாவது: உங்கள் மகனுக்கு நடந்தது இதோடு ஒத்துப்போகிறது. ஆறியதும் குளிர்ப்பெட்டியில் வையுங்கள். கரண்ட் இல்லாத ராத்திரி மீந்ததைத் தூக்கிப் போடுங்கள்.

மற்றவற்றுக்கு ஒரு வரி போதும். லெக்டின் பிரச்சினை சரியாக வேகாத ராஜ்மாவுக்கு உரியது. நன்றாக வேகவைத்த தட்டைப்பயறில் அந்தப் பயம் வேண்டாம். ஜி6பிடி குறைபாட்டுக்கு ஆகாதது ஃபாவா பீன்ஸ், தட்டைப்பயறு அல்ல. பிளாஸ்டிக் பையில் அவித்துச் சாப்பிட்டதை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். ஆனாலும் சூட்டில் பிளாஸ்டிக்கைப் போடத் தேவையே இல்லை. லாகோஸ் சந்தையில் மொயின் மொயின் இலை கிடைக்கிறது. கூம்பாகச் சுருட்டி, அடியை மடித்து, மாவை ஊற்றி மூடுங்கள். இலைக்காம்புகளைப் பானை அடியில் பரப்பிக் கொஞ்சம் தண்ணீர் விட்டு அடுக்கினால் வேலை முடிந்தது. எவர்சில்வர் கிண்ணமும் நல்லதுதான். நடுவில் கத்தியைச் செருகினால் மாவு ஒட்டாமல் வர வேண்டும். அதற்கு முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும்.

பயறு வாங்கும்போது கையில் அள்ளி முகர்ந்து பாருங்கள். மருந்து நெடி அடித்தால் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். அங்கங்கே வண்டு துளைத்த பயறைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். வண்டு உயிரோடு இருக்கிற மூட்டையில் புதிதாக மருந்து அடித்திருக்க வாய்ப்பு குறைவு. ஊறவைத்து, தேய்த்து, மேலே மிதக்கும் தோலை நாலைந்து தண்ணீரில் களைந்து கொட்டுங்கள். மேல்தோலில் ஒட்டிய எச்சம் ஓரளவு போகும், வயிற்று உப்புசமும் குறையும். நெடி அடிக்கிற பயறை மட்டும் எத்தனை தண்ணீரில் கழுவினாலும் நம்பாதீர்கள். வீட்டில் சேர்த்துவைக்க உறைபெட்டி போதும். மொத்தமாக வாங்கினால் பிக்ஸ் பை வாங்குங்கள். மூன்றடுக்குப் பை அது. பயறைச் சேமிக்கவென்றே உருவானது. காற்றுப் புகாமல் கட்டினால் மருந்தே இல்லாமல் வண்டு செத்துப்போகும்.

கடைசியாக, பாமாயில் குடித்த நாளுக்குப் பிறகு மகனுக்கு இருமலோ காய்ச்சலோ வேகமான மூச்சோ இருந்தால் உடனே குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். எண்ணெய் புகட்டியதை மறைக்காமல் சொல்லுங்கள். நெஞ்சை எப்படிப் பார்க்க வேண்டும் என்று அவர் முடிவு செய்ய அது உதவும்.