டாஸ்பாக்ஸ் 2019-க்குப் பிறகு புதிதாக வரவில்லையே, கைவிட்டுவிட்டார்களா?

கேள்வி: பாரிமுனையில் எங்கள் மொத்த விற்பனைக் கடையில் பழைய டாஸ் பில்லிங் புரோகிராம் டாஸ்பாக்ஸில் (பழைய டாஸ் புரோகிராம்களை இன்றைய கணினியில் ஓட்டும் மென்பொருள்) ஓடுகிறது. புதிய பதிப்புக்கு மாறலாமா?

மூல டாஸ்பாக்ஸின் கடைசி நிலையான வெளியீடு 0.74-3, 2019-இல் வந்தது. அதுவே 2010-இல் வந்த 0.74-க்கான திருத்தம்தான். ஆனால் திறந்த மூலம் என்பதால் நிரலை எடுத்து வேறு குழுக்கள் வளர்க்கின்றன. அப்படி வந்தவற்றில் டாஸ்பாக்ஸ் ஸ்டேஜிங் விளையாட்டுக்காரர்களுக்கு அருமை. உங்களுக்கு வேண்டியது டாஸ்பாக்ஸ்-எக்ஸ்.

காரணம், பிரின்டர். மூல டாஸ்பாக்ஸ் விளையாட்டுக்காகவே எழுதப்பட்டது. பில் அச்சடிப்பதெல்லாம் அதன் கவலையே இல்லை. டாஸ்பாக்ஸ்-எக்ஸில் பேரலல் போர்ட் (பழைய பிரின்டர்களை இணைக்கும் வழி) வசதி உண்டு. புரோகிராம் எல்.பி.டி.1-க்கு, அதாவது டாஸில் அந்த போர்ட்டின் பெயருக்கு, அனுப்புவதைக் கோப்பாகச் சேமிக்கலாம், விண்டோஸ் பிரின்டருக்கும் அனுப்பலாம். டாட் மேட்ரிக்ஸில் கார்பன் தாள் வைத்து அடிப்பவர் என்றால் ஒரு பில்லை அடித்து, வரி விலகுகிறதா என்று முதலில் பாருங்கள்.

மாற்றும்போது செட்டிங்ஸ் எல்லாம் போய்விட்டதாகத் தோன்றும். போகவில்லை. பழைய டாஸ்பாக்ஸின் செட்டிங்ஸ் இருக்கும் கான்ஃபிக் கோப்பின் பெயரிலேயே பதிப்பு எண் இருக்கும், புதியது அதைத் தேடாது. உங்கள் ஃபோல்டரை டாஸுக்கு டிரைவாகக் காட்டும் மவுன்ட் வரிகளை மட்டும் புதிய கோப்பில் ஒட்டினால் போதும். பில் தரவு உங்கள் சாதாரண ஃபோல்டரில்தான் கிடக்கிறது. அதை முதலில் பென் டிரைவில் நகலெடுத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை கடை மூடியிருக்கும்போது செய்யுங்கள். பழைய டாஸ்பாக்ஸை நீக்க வேண்டாம், இரண்டும் ஒரே கணினியில் சண்டையில்லாமல் இருக்கும்.