வீலுக்கு ஆபத்து பார்க்கிங்கில்தான்

கேள்வி: மூன்று வருடம் சீட்டுக் கட்டிய பணத்தில் கார்பன் ஃபிரேம், 50 மில்லிமீட்டர் ஆழ கார்பன் வீல், டிஸ்க் பிரேக் என்று ஒரு ரேஸ் சைக்கிள் வாங்கிவிட்டேன். அதை ஸ்விஃப்ட்டில் ஏற்றிக்கொண்டு ஏலகிரிக்குப் போய் மலை ஏற ஆசை. பின்னால் ரேக் மாட்டலாமா, கூரையில் வைக்கலாமா, உள்ளேயே போடலாமா? என் மோட்டார் பைக்கை விட இந்த வீல் ஜோடி விலை அதிகம், அதனால் கை நடுங்குகிறது.
வாசகர், வேளச்சேரி

பதில்: போவது நீங்கள் ஒருவர்தானே, உள்ளேயே போடுங்கள். யோசிக்கவே வேண்டாம்.

டிக்கிக் கதவில் பட்டை போட்டுக் கட்டுகிற ரேக் விலை குறைவுதான். ஆனால் அதில் தொங்கும் சைக்கிளின் வீல் பல கார்களில் சைலன்சர் வாய்க்கு நேராக வந்து நிற்கும். சூட்டுப் புகை மணிக்கணக்காக ஒரே இடத்தில் அடித்தால் டயர் இளகும், கார்பன் ரிம்மும் கெட்டுப்போகும். நம்பர் பிளேட்டும் பின் விளக்கும் மறைந்து, சோதனைச் சாவடியில் பதில் சொல்ல வேண்டியிருக்கும். மேல் பைப்பை இடுக்கி மாதிரி கவ்விப் பிடிக்கிற ரேக் எதுவாக இருந்தாலும் கார்பன் ஃபிரேமுக்கு ஆகாது. ஓட்டும்போது வரும் பாரத்தைத் தாங்கத்தான் அந்தக் குழாயைச் செய்திருக்கிறார்கள், பக்கவாட்டில் நசுக்கினால் விரிசல் விடும். சில சமயம் அந்த விரிசல் வெளியே தெரியவும் தெரியாது.

சரி, உள்ளே எப்படி? கியரைப் பின்னால் இருக்கிற மிகச் சின்னப் பல்லுக்குக் கொண்டுவந்துவிட்டு வீலைக் கழற்றுங்கள். செயின் தளர்ந்து வீல் சுலபமாக வரும். ஆனால் செயினைப் பல்லுக்குப் பல் தள்ளுகிற டீரெய்லர் அப்போது வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும், இடிபடாமல் பாருங்கள். அதைத் தாங்கும் ஹேங்கர் மெல்லிய அலுமினியத் துண்டு. ஒரு இடி பட்டு வளைந்தாலே மலையில் கியர் தாறுமாறாகக் குதிக்கும். கழற்றிய அச்சுகளை அந்தந்த இடத்திலேயே திருகி மாட்டிவிடுங்கள். முன் வீலைப் பிடிக்கிற ஃபோர்க்கின் கால்கள் நசுங்காது, அச்சை வீட்டிலேயே மறந்து வைத்துவிட்டுப் போகிற கூத்தும் நடக்காது (எத்தனை பேர் வாணியம்பாடி தாண்டிய பிறகு இதை நினைத்துப் பார்த்திருக்கிறார்களோ).

அப்புறம் பிரேக். டிஸ்க் இல்லாத நேரத்தில் லீவர் அமுங்கினால் இரண்டு பேடும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், திரும்ப வீலை நுழைக்க முடியாது. சைக்கிளோடு வந்த பிளாஸ்டிக் துண்டு இருந்தால் இடையில் செருகுங்கள், இல்லாவிட்டால் கல்யாணப் பத்திரிகை அட்டையை மடித்து வைத்தாலும் போதும்.

பின் சீட்டை மடக்கிப் பழைய போர்வையை விரித்து, செயின் பக்கம் மேலே இருக்கும்படி ஃபிரேமைப் படுக்க வையுங்கள். ஏ.சி. பைப்புக்குப் போடும் கறுப்பு ஸ்பாஞ்சுக் குழாய் கடையில் மீட்டர் கணக்கில் கிடைக்கும். அதை நீளவாக்கில் கீறி ஃபிரேம் குழாய்களுக்கு மாட்டினால் உரசல் விழாது. செயினுக்கு ஒரு பழைய லுங்கி.

வீல்களுக்குத் தனிப் பை இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் ஆளுக்கொரு போர்வையில் சுற்றி, முன் சீட்டுக்குப் பின்னால் கால் வைக்கிற இடத்தில் நிற்க வையுங்கள். இரண்டுக்கும் நடுவே தடித்த அட்டை கட்டாயம். ஒன்றின் நடுவே துருத்தும் ஹப் முனை இன்னொன்றின் ஸ்போக்கில் குத்துவதுதான் வழக்கமான சேதம். டிஸ்க்கில் விரலோ செயின் எண்ணெயோ படக் கூடாது, பட்டால் பிரேக் கத்தும், பிடிக்காது. வீல்களைப் படுக்க வைத்தே ஆக வேண்டும் என்றால் எல்லாவற்றுக்கும் மேலே கடைசியாக வையுங்கள், அதன் மேல் தண்ணீர் பாட்டில்கூட வேண்டாம்.

காற்றைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்லியாக வேண்டும். காலையில் 25 டிகிரியில் 80 பிஎஸ்ஐ அடித்துவிட்டுக் கிளம்புகிறீர்கள், வேலூர் பக்கம் வெயிலில் காரை நிறுத்திச் சாப்பிடப் போகிறீர்கள், உள்ளே 60 டிகிரி ஆனால் டயரில் 90-ஐத் தாண்டிவிடும். டயரைப் பிடிக்க உள்விளிம்பில் கொக்கி இல்லாத ரிம்மாக இருந்தால் அதற்கு உச்ச வரம்பே ஏறத்தாழ 72தான். அதனால் கிளம்பும்போது பாதிக் காற்று போதும். முழுக்க இறக்காதீர்கள், டியூப்லெஸ் டயர் ரிம்மை விட்டுக் கழன்றால் கைப்பம்பில் திரும்ப உட்காராது.

இவ்வளவு சொன்னாலும், நெடுஞ்சாலையில் வீல் போனதாக நான் அதிகம் கேள்விப்பட்டதில்லை. போவதெல்லாம் ஏற்றி இறக்கும் அந்த ஐந்து நிமிடத்தில்தான். ஏற்காட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, முன் வீலைக் கழற்றி பம்பரில் சாய்த்துவிட்டு, நண்பரோடு டீ குடித்தபடி ஃபிரேமை உள்ளே படுக்க வைத்து, டிக்கியைச் சாத்தி, ரிவர்ஸ் எடுத்தேன். அப்பளம் நொறுங்குகிற சத்தம். இறங்கிப் பார்க்கவே மனம் வரவில்லை. அன்றிலிருந்து கழற்றிய வீலை டிரைவர் கதவில்தான் சாய்த்து வைக்கிறேன். அதை நகர்த்தாமல் காருக்குள் ஏறவே முடியாது.

இறக்கி வீலை மாட்டியதும், அச்சின் மேலேயே எழுதியிருக்கும் அளவுக்கு அதை முறுக்குங்கள், லீவரை நாலைந்து தரம் அமுக்கிப் பாருங்கள், காற்றை நிரப்புங்கள். இறக்கத்தில் போய்க் கண்டுபிடிக்க வேண்டிய விஷயம் இல்லை இது.

கேள்வி: நாங்கள் நாலு பேர், இரண்டு ரேஸ் சைக்கிள், ஒரே கார், வால்பாறை. உள்ளே இடம் இல்லை. என்ன செய்வது?
வாசகி, பொள்ளாச்சி

பதில்: அப்படியானால் கூரைதான். முன் வீலைக் கழற்றி ஃபோர்க்கைப் பூட்டுகிற வகை ரேக் வாங்குங்கள், உங்கள் அச்சின் தடிமனுக்குப் பொருந்துகிறதா என்று கடையிலேயே மாட்டிப் பாருங்கள். முன் வீல் இரண்டும் பின் சீட்டில் இருப்பவர்கள் மடியில், பையோடு. கிளம்பிப் பத்துக் கிலோமீட்டரில் நிறுத்தி எல்லாத் திருகையும் ஒரு முறை கையால் பாருங்கள், ஆழியாறு தாண்டினால் 40 கொண்டை ஊசி வளைவு இருக்கிறது.

கார் ஒன்றரை மீட்டர், மேலே சைக்கிள் ஒரு மீட்டர், ஆக இரண்டரை. பல அடித்தள பார்க்கிங்குகளின் வாசல் 2.1 மீட்டர்தான். தங்கும் விடுதிக்கு வந்து சேர்ந்த களைப்பில் எல்லாருக்கும் இது மறந்துவிடும். ‘மேலே சைக்கிள்’ என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி ஸ்டீயரிங்கில் ஒட்டிக்கொள்ளுங்கள்.