ஹவாய் எரிமலை தேசியப் பூங்கா: கேள்வி பதில்

மும்பை மாட்டுங்காவில் கூடும் எங்கள் வாசகர் வட்டத்தில் கேட்கப்பட்ட கேள்விகளுக்கு என் பதில்களைக் கீழே தந்திருக்கிறேன்.

செம்பூர் வாசகி: டிசம்பரில் அங்கே செல்கிறோம். வெப்பமண்டலத் தீவுதானே, பருத்தி உடை போதுமா ஐயா?

போதாது அம்மா. கடற்கரையில் தொடங்கும் இப்பூங்கா, 4,169 மீட்டர் உயரமுள்ள மௌனா லோவா எரிமலையின் உச்சி வரை செல்கிறது. அந்த உச்சியில் குளிர்காலத்தில் பனி விழுவதும் உண்டு. நீங்கள் பார்க்கப்போகும் கீலாவேயா எரிமலையின் உச்சியே சுமார் 1,200 மீட்டர் உயரத்தில் இருப்பதால், கம்பளிச் சட்டையும் மழைக்கோட்டும் அவசியம்.

முலுண்ட் வாசகர்: ஒரே பூங்காவில் மழைக்காடும் பாலைவனமும் எப்படி இருக்க முடியும்?

வடகிழக்கிலிருந்து வீசும் காற்று மலையில் மோதி மேலேறி, அந்தப் பக்கத்திலேயே மழையைக் கொட்டிவிடுகிறது. மலைமேல் உள்ள லோணாவளாவில் கொட்டும் மழை புனேயை எட்டும்போது மெலிந்துவிடுவதை நாம் ஆண்டுதோறும் பார்க்கிறோம் அல்லவா? ஆனால் அங்குள்ள காவு பாலைவனம் வறண்டு கிடப்பதற்கு மழைக்குறைவு மட்டுமே காரணமன்று. எரிமலையிலிருந்து வெளிவரும் கந்தக டை ஆக்சைடு அங்கு பெய்யும் மழையை அமிலமாக்கிவிடுகிறது. சாம்பல் படிந்த தரையிலும் நீர் தங்குவதில்லை.

தாராவி மாணவர்: நம் ஊர்ப் பாறையும் அந்த எரிமலைக் குழம்பும் ஒன்றா?

இரண்டும் பசால்ட் என்னும் கரும் எரிமலைப் பாறை வகைதான், தம்பி. அந்தேரியின் கில்பர்ட் குன்று ஏறக்குறைய 6.6 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டது; கீலாவேயாவிலோ 2018இல் வழிந்த குழம்பு நம் கண்முன்னே பாறையாக உறைந்தது.

சயான் வாசகி: எரிமலைக் குழம்பில் மரங்களும் பறவைகளும் அழிந்துபோகாதா?

நெருப்போடு வாழ அவை பழகியிருக்கின்றன. உறைந்த பாறையின் விரல் நுழையாத வெடிப்பில்கூட முளைவிடும் ஓஹியா மரம் நம் நாவல் மரத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது; வாகைப் பூவைப் போல விரிந்த அதன் மகரந்த இழைகள் மட்டும் நல்ல சிவப்பாக இருக்கும். நச்சுவாயு சூழும்போது அது இலைத்துளைகளை மூடிக்கொள்ளும். பாறையில் நடந்து பழகியதால் நேனே என்னும் வாத்தின் விரலிடைச் சவ்வே சுருங்கிவிட்டது.

அவற்றால் தாங்க முடியாதவை வெளியிலிருந்து வந்தவைதான். கரும்புத் தோட்டத்து எலிகளை ஒழிக்க 1872இல் கொல்கத்தாவிலிருந்து ஜமைக்காவுக்குக் கீரிகளைக் கொண்டுபோனார்கள். அவற்றின் வழிவந்தவை 1883இல் ஹவாய்க்குக் கொண்டுவரப்பட்டன. எலி இரவில் திரியும், கீரி பகலில் திரியும் என்பதைக்கூட யாரும் எண்ணிப்பார்க்கவில்லை. கீரிகள் நேனேயின் முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்றன. வேட்டையும் சேர்ந்துகொள்ள, 1950களின் தொடக்கத்தில் சுமார் 30 வாத்துகளே எஞ்சின. கூண்டில் வளர்த்துக் காட்டில் விட்டதால் இன்று அவை ஆயிரக்கணக்கில் பெருகியிருப்பது எனக்கு மிகுந்த நிறைவைத் தருகிறது.

ஓஹியாவை இப்போது ஒரு பூஞ்சை நோய் கொன்றுவருகிறது. காலணியில் ஒட்டிய மண்ணோடும் அது பரவுவதால், செம்பூர் அம்மாவும் குடும்பத்தினரும் காட்டுப்பாதையில் இறங்கும் முன்பும் திரும்பிய பின்பும் காலணியின் அடியைத் தூரிகையால் தேய்த்து, கிருமிநீக்கும் ஆல்கஹால் கரைசலைத் தெளித்துத் துடைத்துவிடுங்கள்.