மார்ச் மாதத்து நகலைத் திறப்பதற்கு முன்

கேள்வி: ராயப்பேட்டையில் சின்ன அச்சகம் நடத்துகிறேன். கல்யாணப் பத்திரிகைகள் எல்லாம் பேஜ்மேக்கர் 7 என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில், பழைய தமிழ் எழுத்துருக்களில் இருக்கின்றன. புது விண்டோஸில் அவை ஒழுங்காக வராததால் என் தம்பி, கம்ப்யூட்டருக்குள்ளேயே இன்னொரு கம்ப்யூட்டரை ஓட்டுகிற விர்ச்சுவல்பாக்ஸ் போட்டு, அதற்குள் விண்டோஸ் 7 வைத்துக் கொடுத்தான். போன வாரம் கரன்ட் போய்த் திரும்பியதும் கம்ப்யூட்டர் கிளம்பவில்லை. மதர்போர்டு போய்விட்டது என்கிறார் சர்வீஸ்காரர். மார்ச் மாதம் அந்த விண்டோஸ் 7 இருக்கிற ஃபோல்டரை முழுசாக ஒரு வெளி ஹார்டு டிஸ்க்கில் காப்பி எடுத்திருந்தேன். புதுக் கம்ப்யூட்டர் வாங்கியாகிவிட்டது. ஆவணி முகூர்த்த ஆர்டர்கள் நிற்கின்றன. பழையபடி திறக்க முடியுமா ஐயா?
– ஒரு வாசகி, சென்னை-14

பதில்: முடியும் அம்மா. மார்ச்சுக்குப் பிறகு செய்த வேலைகூடக் கிடைக்க வாய்ப்பு இருக்கிறது. மதர்போர்டு போனால் உள்ளே இருக்கும் டிஸ்க்கும் போயிற்று என்று அர்த்தமில்லை. அதைக் கழற்றி ரிச்சி தெருவுக்கு எடுத்துப் போய்க் காட்டுங்கள். பொருந்துகிற யுஎஸ்பி கேஸ் கொடுப்பார்கள். புதுக் கம்ப்யூட்டரில் சொருகியதும் ‘ஃபார்மட் செய்யவா’ என்று கேட்டால் தயவுசெய்து வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பழைய யூசர்ஸ் ஃபோல்டரில், உங்கள் பெயருக்குக் கீழே ‘விர்ச்சுவல்பாக்ஸ் விஎம்ஸ்’ இருக்கும். அதை முழுசாகக் காப்பி எடுங்கள். அது கிடைக்காவிட்டால் மார்ச் நகல். அதையும் நேரடியாகத் திறக்காமல், இன்னொரு நகல் எடுத்து அதில்தான் கை வைக்க வேண்டும்.

இப்போது பலரும் தவறுகிற இடம். விர்ச்சுவல்பாக்ஸில் புதிதாக ஒரு மெஷின், அதாவது உள்ளே ஓடும் கம்ப்யூட்டர், உருவாக்கி, பழையதன் ஹார்டு டிஸ்க்காக இருந்த பெரிய விடிஐ கோப்பை மட்டும் அதில் இணைத்துவிடுகிறார்கள். உங்கள் தம்பி எப்போதாவது ஸ்னாப்ஷாட், அதாவது அந்த நேரத்து நிலையின் பதிவு, எடுத்திருந்தால், அந்த நாளோடு பெரிய விடிஐ உறைந்து நின்றிருக்கும். அதன்பின் நீங்கள் செய்ததெல்லாம் ‘ஸ்னாப்ஷாட்ஸ்’ ஃபோல்டரில் உள்ள வேறு கோப்புகளில் சேர்ந்திருக்கும். பெரியதை மட்டும் திறந்தால் வருஷக்கணக்கான பத்திரிகைகள் காணாமல் போனதுபோல் தெரியும். பதறிப்போய் அதிலேயே வேலை செய்தால் தாய்க்கோப்பு மாறிவிடும், ஸ்னாப்ஷாட் கோப்புகள் அதோடு ஒட்டாது. அதனால் விர்ச்சுவல்பாக்ஸை நிறுவியதும் மெஷின் மெனுவில் ‘ஆட்’ கொடுத்து, அந்த ஃபோல்டரிலேயே ‘விபாக்ஸ்’ என்று முடிகிற சின்னக் கோப்பைத் தேர்ந்தெடுங்கள். எது எதோடு சேர்ந்தது என்ற விவரம் அதில்தான் இருக்கிறது.

கிளம்ப மறுத்தால் புதுக் கம்ப்யூட்டரின் பயாஸுக்குள் (விண்டோஸ் கிளம்புவதற்கு முன் வரும் அமைப்புத் திரை) போய், உள்ளே இன்னொரு கம்ப்யூட்டரை ஓட்ட உதவும் வசதி – இன்டெல் பிராசஸர் என்றால் விடி-எக்ஸ், ஏஎம்டி என்றால் எஸ்விஎம் – அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். விர்ச்சுவல்பாக்ஸுக்குள் இருந்த விண்டோஸ் 7-ஐ ஷட் டவுன் செய்யாமல், ஓடிய நிலையிலேயே உறைய வைக்கும் ‘சேவ்’ நிலையில் விட்டிருந்தால், வேறு பிராசஸரில் அது எழாமல் போகலாம். அப்போது அந்தச் சேவ் நிலையை மட்டும் டிஸ்கார்டு செய்யுங்கள். சேமிக்காமல் திறந்து வைத்திருந்த பக்கம் போகும், டிஸ்க்கில் உள்ளவை பத்திரம். நெட்வொர்க்கைத் துண்டித்தே வைத்துக்கொள்ளலாம். விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியோடு ஆதரவை நிறுத்திவிட்டது, பத்திரிகை அடிக்க இணையம் எதற்கு?

இனிமேல் சனிக்கிழமை கடை சாத்தும்போது மெஷினை ஷட் டவுன் செய்துவிட்டு ஃபோல்டரைக் காப்பி எடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது எடுத்த நகலை நம்ப முடியாது. அந்த டிஸ்க்கைக் கடையில் வைக்காமல் கைப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் ஜாபர்கான்பேட்டையில் என் வீட்டுத் தரைத்தளத்தில் தண்ணீர் புகுந்தபோது, கம்ப்யூட்டரும் அதன் பேக்கப்பும் ஒரே மேசையில் இருந்தன. அப்பாவின் கையெழுத்துப் பக்கங்களை ஸ்கேன் செய்து வைத்திருந்தேன். அவற்றுக்கு வேறு நகல் இல்லை.

நாளைக் காலையில் முதல் வேலையாகப் பழைய டிஸ்க்கைக் கழற்றுங்கள். திறந்ததும் எழுத்துருக்கள் சரியாக வருகின்றனவா என்று ஒரு பத்திரிகையை அச்செடுத்துப் பார்த்து, எனக்கு எழுதுங்கள்.