வாசகர் கேள்வி – பதில்: மீனவக் கிராமங்களுக்கு ஒரு நாள்

கேள்வி: வழிகாட்டியுடன் கூடிய ஒரு நாள் சுற்றுலா விளம்பரம் ஒன்றைப் பார்த்தோம். காலை ஒன்பது மணிக்குப் புறப்பட்டு, நான்கு மீனவக் கிராமங்களைச் சுற்றி, ஒவ்வோர் ஊரிலும் அவ்வூர் உணவைச் சுவைத்துவிட்டு மாலைக்குள் திரும்பலாம் என்கிறார்கள். பணம் கட்டலாமா?

பதில்: நான்கு கிராமங்கள் என்பதைவிட ஒன்பது மணி என்பதுதான் என்னை யோசிக்க வைக்கிறது. மாலையில் வலை விரித்து விடியுமுன் இழுத்து வரும் சிறு படகுகள் கரை சேர்வதும், மீன் ஏலம் போவதும், வியாபாரிகள் பெட்டிகளை வண்டியில் ஏற்றுவதும் பல ஊர்களில் காலை உணவு வேளைக்குள் முடிந்துவிடும். அதன்பின் செல்பவர்கள் பார்ப்பது காலியான ஏலத் தரையையும் உறங்கப் போய்விட்ட ஊரையும்தான். ஆனால் இதையும் பொது விதியாகக் கொள்ள முடியாது. ஆழம் குறைந்த துறைமுகங்களில் கடலேற்றம் இருக்கும்போதுதான் படகுகள் உள்ளே வர முடியும். அந்த ஏற்றமோ நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகிறது. விளக்கு வெளிச்சத்தால் மீனை ஈர்த்துப் பிடிப்பவர்களுக்குப் பௌர்ணமியை ஒட்டிய இரவுகளில் வேலை குறைவு, ஏனெனில் நிலவொளியில் விளக்கின் ஈர்ப்பு மங்கிவிடும். பல நாள் கடலில் தங்கும் பெரிய விசைப்படகுகளுக்குக் கணக்கே வேறு.

ஆகவே ஆண்டு முழுவதும் மாறாத கால அட்டவணையை வைத்திருக்கும் நிறுவனம், படகுகளைப் பார்த்து அதை எழுதவில்லை என்று நான் முடிவு செய்துகொள்வேன். "நாங்கள் வரும் நாளில் படகு எப்போது கரைக்கு வரும்?" என்று கேளுங்கள். முதல் நாள் மாலை ஊரில் விசாரித்துவிட்டுச் சொல்கிறேன் என்று பதில் வந்தால் தாராளமாகப் பணம் கட்டலாம். கிராமங்களின் எண்ணிக்கை இரண்டாகக் குறைந்தால் இன்னும் நல்லது.

கேள்வி: எங்களுக்கு விடுமுறை கிடைக்கும் மாதத்தில் அங்கே மீன்பிடித் தடைக்காலமாம். பயணத்தைத் தள்ளிப்போடலாமா?

பதில்: படகுகளைப் பார்ப்பதுதான் நோக்கம் என்றால் தள்ளிப்போடுங்கள், உணவுதான் நோக்கம் என்றால் தேவையில்லை என்பேன். கடலுக்குப் போக முடியாத மாதங்களைக் கடப்பதற்காகத்தான் மீனவச் சமூகங்கள் உப்பிடவும் உலர்த்தவும் புகையிடவும் கற்றுக்கொண்டன. அந்தச் சமையலில் ஓர் ஊரின் கைத்திறன் பச்சை மீனைவிடத் தெளிவாகத் தெரியும். நார்வேயின் லொஃபோட்டன் தீவுகளில் காட் மீனை உப்பே போடாமல் மரச்சட்டங்களில் தொங்கவிட்டு, பிப்ரவரி முதல் மே வரையிலான குளிர்காற்றிலேயே உலர்த்திவிடுகிறார்கள். அதைவிட வெப்பமான போர்ச்சுகலின் நசரே ஊரிலோ மீனைப் பிளந்து, கடற்கரை மணலில் நிறுத்திய வலைத்தட்டுகளில் வெயிலில் காயவைக்கிறார்கள். காற்றும் வெயிலும் எப்படியோ, கருவாடும் அப்படி. தடைக்காலத்திலும் "இன்று காலை பிடித்தது" என்று ஒரு மீனைப் பரிமாறினால், அது பண்ணை மீனா, வேறு கடற்கரையிலிருந்து ஐஸில் வந்ததா என்று விசாரிப்பதில் தவறில்லை.

கேள்வி: கரையிலேயே சமைத்துத் தருவதைப் பயமின்றிச் சாப்பிடலாமா? என் கணவருக்குக் கல்லீரல் கோளாறு உண்டு.

பதில்: உங்கள் கணவரைப் பற்றி முதலில். பச்சையாகத் தரும் ஆளிச்சிப்பிகளை அவர் தொடவே வேண்டாம். வெதுவெதுப்பான கடல்நீரில் வாழும் விப்ரியோ வகை பாக்டீரியா அவற்றில் இருக்கக்கூடும். கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கு அந்தத் தொற்று உயிருக்கே ஆபத்தாகலாம். நன்றாக வெந்த உணவு அவருக்கும் பொருந்துமா என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு புறப்படுங்கள்.

மற்றவர்களைப் பொறுத்தவரை, வெந்துவிட்டால் எல்லாம் சரி என்ற நம்பிக்கையைத்தான் கொஞ்சம் திருத்த வேண்டியிருக்கிறது. சூரை, கானாங்கெளுத்தி, மத்தி போன்ற மீன்களைப் பிடித்தவுடன் ஐஸில் போடாமல் வெயிலில் வைத்திருந்தால், பாக்டீரியாவின் செயலால் அவற்றின் தசையில் ஹிஸ்டமின் சேர்ந்துவிடும். பிறகு எவ்வளவு நேரம் கொதிக்கவைத்தாலும் அது போகாது. மீன் நாக்கில் மிளகு போலச் சுருக்கென்று பட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். முகம் சிவத்தல், தலைவலி, படபடப்பு ஆகியவை பெரும்பாலும் சிறிது நேரத்திலேயே தொடங்கும். வெப்பக் கடல்களின் பவளப்பாறைகளை அண்டி வாழும் பெரிய சீலா, கலவா மீன்களில் சிகுவாடெரா என்ற நஞ்சு சேர்ந்திருக்கலாம்; அதற்கு மணமும் இல்லை, சுவையும் இல்லை, சமையலில் அழிவதும் இல்லை. எந்தப் பகுதி மீனைத் தவிர்க்க வேண்டும் என்பதை உள்ளூர் மீனவர்கள் அனுபவத்தில் அறிந்திருப்பார்கள் என்பதால், அத்தகைய கடற்கரைகளில் பெரிய பாறைமீனைக் கேட்டு வாங்குவதைவிட அவர்கள் தருவதைச் சாப்பிடுவது மேல்.

பச்சை மீன் துண்டுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. படகிலிருந்து நேரே வந்தது என்பது ஒட்டுண்ணிகளுக்கு எதிரான காப்பு அல்ல. மைனஸ் 20 டிகிரியில் ஏழு நாள் உறையவைத்த மீன் இந்த ஒரு விஷயத்தில் அதைவிடப் பாதுகாப்பானது. கடற்கரையில் நின்றுகொண்டு இதைச் சொன்னால் யாருக்கும் பிடிக்காது என்பது எனக்குத் தெரியும்.

கேள்வி: நாம் கட்டும் பணம் அந்த ஊர்க்காரர்களுக்குப் போய்ச் சேருகிறதா என்று எப்படி அறிவது?

பதில்: மதிய உணவை யார் சமைக்கிறார்கள் என்று கேளுங்கள். நெடுஞ்சாலை உணவகத்தில் என்றால், ஊருக்குக் கிடைப்பது உங்கள் பேருந்தின் புழுதி மட்டும்தான். ஊரின் ஒரு வீட்டிலோ பெண்கள் குழு நடத்தும் சமையற்கூடத்திலோ என்றால் பணத்தில் ஒரு பங்காவது அங்கே தங்கும். பெண்கள் என்று குறிப்பிட்டுச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பல கடற்கரைகளில் படகு ஆண்களுடையது என்றாலும், மீன் கரைக்கு வந்தபின் தரம் பிரிப்பதும் உலர்த்துவதும் விற்பதும் பெரும்பாலும் பெண்களின் உழைப்பு. தென்கொரியாவின் ஜேஜு தீவில் காற்றுக் கலன் இல்லாமல் மூழ்கிச் சிப்பி எடுப்பவர்களும் பெண்களே. அவர்களுடைய மரபை 2016இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. பெண்களில் ஒருவரோடுகூடப் பேச வாய்ப்புத் தராத வழிகாட்டி, கிராமத்தின் பாதியைக் காட்டவில்லை என்றே கொள்வேன்.

இன்னொன்றும் கேட்டுப் பாருங்கள்: விருந்தாளிக்கான பெரிய இறாலுக்குப் பதிலாக, அந்த வீட்டார் தங்களுக்கென ஒதுக்கிக்கொண்ட சிறு மீன் கிடைக்குமா என்று. விலைபோகும் மீன் முதலில் ஏலத்துக்குப் போய்விடும். முள் மிகுந்ததும் அளவில் சிறியதும் வீட்டு அடுப்புக்கு வரும். அந்த ஊரின் ருசி அதில்தான் இருக்கிறது.

கேள்வி: ஏலம் நடக்கும்போது படம் எடுக்கலாமா?

பதில்: கேட்டுவிட்டு எடுக்கலாம். ஏலம் கூறுபவருக்கும் வாங்குபவர்களுக்கும் நடுவே நிற்காதீர்கள், காயும் வலையை மிதிக்காதீர்கள், கடன் பேச்சும் விலைப் பேச்சும் நடக்கும் இடத்தில் கைபேசியை நீட்டாதீர்கள்.

கேள்வி: எழுபது வயதுத் தாயாரை அழைத்துச் செல்லலாமா?

பதில்: கிராமங்களுக்கு அழைத்துச் செல்லலாம். ஏலத் தரை எப்போதும் ஈரமாகவும் வழுக்கலாகவும் இருக்கும் என்பதால் பிடிமானமுள்ள காலணி அவசியம். படகுச் சவாரியும் திட்டத்தில் இருந்தால், எல்லாருக்கும் உயிர்காப்பு அங்கி உண்டா என்றும், படகில் ஏற மேடை இருக்கிறதா அல்லது முழங்கால் அளவு நீரில் இறங்கி ஏற வேண்டுமா என்றும் முன்பே எழுதிக் கேட்டுப் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.